அவ்வப்போது டிரிப் ஆகும் வீடு: எப்போது விழுகிறது என்பதை வைத்துப் பழுதைப் பிடிப்பது

சுவிட்சைப் போட்டவுடன் விழுகிற டிரிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். பாடாய்ப் படுத்துவது இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை விழுந்து, தூக்கிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கிற டிரிப்தான். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவர் ஆர்.சி.சி.பி.யை (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றிவிட்டுப் போவார். அடுத்த வாரம் புதியதும் விழும். அதற்குப் பிறகு வருகிறவர், "இதை எடுத்துட்டு டைரக்டா குடுத்துடலாம் சார்" என்பார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டில் எங்கோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கசிவு அப்படியே இருக்கும், சொல்வதற்குத்தான் ஆள் இருக்காது.

அவ்வப்போது விழுகிற பழுதுக்குப் பின்னால் ஏதாவது ஒரு நிபந்தனை இருக்கும்: ஈரம், சூடு, ஒரு குறிப்பிட்ட லோடு, ஒரு குறிப்பிட்ட நேரம். அந்த நிபந்தனை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டி.பி. பாக்ஸ் (வீட்டின் லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) பக்கத்திலேயே ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு முறை விழும்போதும் நாள், நேரம், எது விழுந்தது, அப்போது என்னென்ன ஓடியது, கடைசியாக எதைப் போட்டார்கள், மழை பெய்ததா, கரண்ட் போய் வந்ததா என்று எழுதுங்கள். ஐந்தாறு வரி சேர்ந்தாலே கீழே உள்ளவற்றில் எது உங்கள் வீட்டுக் கதை என்று புரிந்துவிடும்.

எது விழுகிறது?

டி.பி. பாக்ஸில் ஒற்றை அகலத்தில் வரிசையாக இருப்பவை எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும். எர்த் கசிவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இரண்டு மடங்கு அகலத்தில், 'டி' என்று எழுதிய சின்னப் பட்டனுடன் இருப்பது ஆர்.சி.சி.பி. (மூன்று ஃபேஸ் வீடுகளில் நான்கு மடங்கு அகலம்.) ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ரகம். தரநிலைப்படி 15க்கு மேல் 30க்குள் எங்கு வேண்டுமானாலும் அது விழலாம். அதனால் 20 மில்லி ஆம்பியர் கசிவு ஒரு ஆர்.சி.சி.பி.யில் நிற்கும், இன்னொன்றில் விழும். 'மாற்றினோம், சரியாகிவிட்டது' என்று சொல்கிற பல வீடுகளில் நடந்தது இதுதான்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஃபேஸ் நேராக எர்த்தில் அடிக்கிறது என்று அர்த்தம். விழுந்த எம்.சி.பி.யின் லைனைத் தேடினால் போதும்.

எதுவுமே விழவில்லை, ஆனால் ஒரு அறையில் லைட் பளிச்சென்று எரிகிறது, இன்னொன்றில் மங்குகிறது, ஃபேன் ஓசை மாறுகிறது என்றால் உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள். மூன்று ஃபேஸ் சர்வீஸில் நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம் இது. டி.வி.யும் ஃபிரிட்ஜும் கருகும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். மெயினை ஆஃப் செய்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

எம்.சி.பி.யை ஆஃப் செய்தாலும் நியூட்ரல் பிரிவதில்லை

தேடத் தொடங்கும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான தேடல்கள் தோற்பது இங்கேதான். ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். சுவரிலுள்ள சுவிட்சும் அப்படித்தான். எல்லா லைன்களின் நியூட்ரலும் டி.பி.க்குள் ஒரே பித்தளைக் கட்டையில் சேர்ந்தே இருக்கும். ஆகவே வாஷிங் மெஷினுக்குள் நியூட்ரல் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதன் சுவிட்சை அணைத்தாலும் எம்.சி.பி.யை இறக்கினாலும் கசிவு நிற்காது. பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் என்ன ஆகும்? நியூட்ரல் எப்போதும் சரியாகப் பூஜ்யம் வோல்ட்டில் இருப்பதில்லை. லோடு ஏறும்போது எர்த்தைவிட ஒன்றிரண்டு வோல்ட் மேலே போகும். 2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எர்த் பாதையின் மின்தடை 50 ஓம் என்றால் 40 மில்லி ஆம்பியர் எர்த் வழியாக ஓடும், ஆர்.சி.சி.பி. விழும். மே மாதத்தில் எர்த் பிட் (எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி) காய்ந்து அதே பாதை 200 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 10 மில்லி ஆம்பியர்தான், விழாது. கோடை முழுவதும் ஒளிந்திருந்த பழுது ஐப்பசி மழையில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வயர் நனையவே இல்லை, எர்த் பிட்தான் நனைந்தது.

இந்தப் பழுதின் குணங்கள் மூன்று. பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத ஏ.சி.யையோ அயர்ன் பாக்ஸையோ போடும்போது விழும். அக்கம்பக்கத்து லோடால் நியூட்ரல் ஏறும் மாலை நேரத்தில், நம் வீட்டில் யாரும் எதையும் தொடாமலே விழும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்க மறுக்கும். கடைசியாகச் சொன்னது நடந்தால் பழுது நியூட்ரல் பக்கத்தில்தான், அல்லது ஆர்.சி.சி.பி.யிலேயே.

பிரித்துப் பார்க்கும் வரிசை

இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும் என்பதை மறந்து சுவிட்ச் பாக்ஸைத் திறப்பது உயிருக்கே ஆபத்து.

1. ஆர்.சி.சி.பி., எல்லா எம்.சி.பி. இறக்கம். வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்குங்கள். ஏ.சி., கீசர், ஆர்.ஓ., கிச்சன் சிம்னி, வைஃபை பெட்டி, டி.வி.க்குப் பின்னாலுள்ள எக்ஸ்டென்ஷன் எல்லாம் இதில் அடக்கம்.
2. ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நிற்கவில்லை என்றால் வயரிங்கிலேயே நியூட்ரல் எர்த் ஆகிறது, அல்லது ஆர்.சி.சி.பி.யே கெட்டிருக்கிறது; எலக்ட்ரீஷியன் வேலை.
3. நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, அந்த லைனின் லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.
4. அதுவும் நின்றால் பழுது ஏதோ ஒரு சாதனத்தில். ஒவ்வொரு பிளக்காகச் சொருகுங்கள்.

அப்போதைக்கு எதுவும் விழவில்லை என்றால் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். சந்தேகமுள்ள சாதனங்களில் பாதியை, வழக்கமான இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு காலம் பிடுங்கியே வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை விழும் வீட்டில் நான்கு நாள். அதற்குள் விழுந்தால் மற்ற பாதியில் தேடலாம். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் காசு செலவில்லை.

மழை பெய்தால் விழுகிறது

மழை தொடங்கிய சில நிமிடங்களில் விழுந்தால் வெளியே இருப்பவற்றைப் பாருங்கள்: கேட் லைட், காலிங் பெல் சுவிட்ச், பால்கனி பிளக், மொட்டை மாடி லைட், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் வயரில் டேப் சுற்றிய ஜாயின்ட். தீபாவளிக்கோ கார்த்திகைக்கோ தொங்கவிட்ட சீரியல் லைட் மழையில் நனைந்துகொண்டிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மழை விட்டுச் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து விழத் தொடங்கினால் சுவரில் ஓதம். மொட்டை மாடித் தளத்தில் ஊறிய தண்ணீர் கன்சீல்டு பைப்புக்குள் இறங்கி, அந்தப் பைப் முடிகிற சுவிட்ச் பாக்ஸில் சொட்டும். இரும்பு பாக்ஸாக இருந்தால் துருக்கோடு தெரியும். பெயின்ட் உப்பியிருக்கும் சுவரிலுள்ள பாக்ஸை மெயின் ஆஃபில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மழையே இல்லாமல் தினமும் காலையில் மட்டும் விழுந்தால் மாடி வீட்டு பாத்ரூமின் கீழே வரும் சுவரைத் தடவிப் பாருங்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் 2015, 2023 வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த தரைத்தள வீடுகளில் இன்னொன்று உண்டு. தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்ட்டுகளுக்குள் அன்று தங்கிய சேறு, காய்ந்த பிறகு இன்சுலேட்டராகத்தான் இருக்கும்; காற்றில் ஈரம் ஏறினால் கடத்தும். துடைப்பது போதாது, சாக்கெட்டை மாற்றி, பைப்புக்குள் வயரை உருவிப் புது வயர் இழுக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம்போல் கடலுக்குப் பக்கமாக இருந்தால் அவுட்டோர் யூனிட்டின் டெர்மினலில் உப்பு படியும். விடியற்காலையில் விழுந்து, வெயில் ஏறியதும் சரியாகிவிடும் டிரிப்புக்கு அங்கே முதலில் பாருங்கள்.

கீசர் போட்டால் விழுகிறது, சில சமயம் மட்டும்

சென்னையில் கீசருக்கு வேலை கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான். மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும் ஹீட்டிங் எலிமென்ட்டின் உள்ளே நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள், முனைகளிலுள்ள சீல் வழியாகக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாள் போடும்போது விழுந்து, இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு நின்றுவிடுவது இதனால். சூட்டில் ஈரம் போய்விட்டது. அதன்பிறகு தொடர்ந்து நின்றால் கவலையில்லை.

நேர்மாறாக, போட்டு ஐந்து பத்து நிமிடம் கழித்து, தண்ணீர் சூடேறியதும் விழுந்தால் எலிமென்ட்டின் உறையில் விரிசல். போர் தண்ணீரின் உப்பு எலிமென்ட்டின் மேல் பாறையாகப் படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் உறை வெடிக்கிறது. குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாகக் காட்டும். மல்டிமீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில்; எலிமென்ட் வேலை செய்வது 230 வோல்ட்டில். சூடாக இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி 500 வோல்ட் மெகரில் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பார்த்தால்தான் தெரியும். எலிமென்ட்டை மாற்றும்போது கூடவே ஆனோடு கம்பியையும் (தொட்டி துருப்பிடிக்காமல் காப்பது) கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள்; பழைய கேஸ்கெட் கசிந்து டெர்மினல் நனைந்தால் அதே டிரிப் மறுபடி வரும்.

ராத்திரியில், யாரும் எதையும் தொடாதபோது விழுகிறது

தானாக ஆன் ஆகிறவை வீட்டில் எவை? ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜின் டீஃப்ராஸ்ட் ஹீட்டர், வாட்டர் லெவல் கன்ட்ரோலர் வைத்த மோட்டார், டைமர் போட்ட ஏ.சி. இதில் ஃபிரிட்ஜை யாரும் சந்தேகிப்பதில்லை. கம்ப்ரஸர் பல மணி நேரம் ஓடிய பிறகு சில நிமிடம் மட்டும் அந்த ஹீட்டர் ஆன் ஆகும். அதன் எலிமென்ட்டோ வயரோ ஈரத்தில் எர்த் ஆகியிருந்தால் அந்தச் சில நிமிடத்தில் மட்டும் விழும். மீண்டும் தூக்கிவிட்டால் ஃபிரிட்ஜ் அருமையாகக் குளிரும். உங்கள் தாளில் இரண்டு டிரிப்புக்கு நடுவே ஏறக்குறைய ஒரே இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஹீட்டரை மெகர் செய்யச் சொல்லுங்கள். ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் ஃபிரிட்ஜ்களில் பொதுவாக இந்த ஹீட்டர் கிடையாது.

மோட்டார் என்றால், சப்மெர்சிபிளின் கேபிள் ஜாயின்ட் முதல் சந்தேகம். போரில் நீர்மட்டம் ஏறி ஜாயின்ட் மூழ்கும் மாதங்களில் மட்டும் விழும்.

ஏ.சி. ஆன் செய்து சில நிமிடம் கழித்து

ரிமோட்டை அழுத்தியவுடன் ஓடுவது உள்ளே இருக்கும் ஃபேன் மட்டும். கம்ப்ரஸர் வருவதற்குச் சில நிமிடம் ஆகலாம். ஆகவே அழுத்தியவுடன் விழுந்தால் இன்டோர் பக்கம். வெளியே கம்ப்ரஸர் சத்தம் கேட்கும் அதே நொடியில் விழுந்தால் அவுட்டோர் பக்கம். அவுட்டோரின் மூடியைக் கழற்றினால் எலக்ட்ரானிக் போர்டில் (பி.சி.பி.) செத்த பல்லியையோ எறும்புப் புற்றையோ பார்ப்பது சகஜம்.

ஆர்.சி.சி.பி. விழாமல் ஏ.சி.யின் எம்.சி.பி. மட்டும், அதுவும் மாலை நேரத்தில் விழுந்தால் வோல்டேஜைப் பாருங்கள். 180 வோல்ட் பக்கம் இறங்கினால் சாதாரண கம்ப்ரஸர் சுழலத் திணறி, பல மடங்கு கரண்ட் இழுக்கும். தளர்ந்துபோன கெப்பாசிட்டரும் இதே வேலையைச் செய்யும். அதை மாற்றுவது சின்ன செலவு, முதலில் அதைச் செய்யலாம்.

ஒரு லைட்டைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

சென்னையின் தனி வீடுகளில் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி இ.பி. சர்வீஸ் இருப்பது வழக்கம். மாடிப்படி லைட்டுக்கு ஃபேஸ் கீழ் வீட்டிலிருந்தும் நியூட்ரல் மாடி வீட்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். போன கரண்ட் திரும்பி வராததால் கீழ் ஆர்.சி.சி.பி.யும், போகாத கரண்ட் வருவதால் மாடி ஆர்.சி.சி.பி.யும் குழம்பும். 9 வாட் எல்.இ.டி. பல்புகூடக் குறைந்தது 40 மில்லி ஆம்பியர் எடுக்கும். விழ அது போதும். அரை வாட் நைட் லாம்ப் விழவைக்காது. பழைய பல்பை மாற்றியதும் டிரிப் வந்தது, அல்லது போனது என்று குழப்பம் வருவது இப்படித்தான்.

இன்வெர்ட்டர் வீடுகளிலும் இதே கதை. ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து நியூட்ரலை எடுத்து இன்வெர்ட்டர் லைனுக்குக் கொடுத்திருந்தால், கரண்ட் இல்லாத வரை லைட் எரியும், இ.பி. கரண்ட் வந்தவுடன் விழும். இன்வெர்ட்டர் லைனின் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்.சி.சி.பி.யின் வெளியேறும் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதுதான் தீர்வு.

எம்.சி.பி. மட்டும், அரை மணி நேரம் ஓடிய பிறகு

16 ஆம்பியர் எம்.சி.பி. 16ஐத் தாண்டிய நொடியில் விழாது. 30 டிகிரியில், 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாங்கும், 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 2,000 வாட் கீசரும் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே லைனில் ஓடினால் 17.4 ஆம்பியர். ஜனவரியில் நிற்கும். மே மாதம் வெயில் படும் சுவரில், மூடிய பெட்டிக்குள் 45, 50 டிகிரியில் விழும். அதற்காக 25 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிடாதீர்கள், வயரை விட்டுவிட்டு எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் அடுத்துச் சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர். லோடைப் பிரித்துத் தனி லைன் இழுக்க வேண்டும்.

லோடு குறைவாக இருந்தும் விழுந்தால் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தின் சூடு எம்.சி.பி.க்குள் ஏறி அதை முன்கூட்டியே விழவைக்கும். வயரின் தோல் பழுப்பேறியிருக்கும், பிளாஸ்டிக் கருகிய வாடை வரும். கருகிய நுனியை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி முறுக்க வேண்டும். பழைய நுனியிலேயே ஸ்க்ரூவை இறுக்கினால் மீண்டும் தளரும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுகிறது

பழுதே இல்லாமலும் இது நடக்கும். கம்ப்யூட்டர், டி.வி., இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உள்ளேயும் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும். வாஷிங் மெஷினுக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை அனுமதி உண்டு. எல்லாம் சேர்ந்து 12ஐத் தொட்டுவிட்டால் ஒரு இடி, கரண்ட் திரும்பி வரும் அந்த அதிர்வு, எதுவும் மிச்சத்தை நிரப்பிவிடும். மில்லி ஆம்பியர் அளக்கும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரை மெயின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து மாட்டி அளக்க வேண்டும். சாதாரண கிளாம்ப் மீட்டருக்கு இந்த அளவு தெரியாது. மொத்தம் 10க்கு மேல் என்றால், ஒரே ஆர்.சி.சி.பி.யில் வீட்டையே தொங்கவிடாமல் இரண்டு மூன்றாகப் பிரிப்பது, அல்லது கீசர், ஏ.சி., வாஷிங் மெஷினுக்குத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுவது நிரந்தரத் தீர்வு.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை

டி.பி. மூடியைக் கழற்றும் வேலை உங்களுடையது அல்ல. மெயினை இறக்கினாலும் அதன் உள்வரும் பக்கத்தில் கரண்ட் இருக்கும். வருகிறவரிடம் மெகர் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் மட்டும் கொண்டுவருகிறவரால் இந்தப் பழுதைப் பிடிக்க முடியாது. மெயின் ஆஃப், எல்லாப் பிளக்கும் வெளியே, சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுப்பது) இருந்தால் அதுவும் கழற்றப்பட்டு, நியூட்ரல் கட்டையிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு லைனின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த லைன் தேறாது. மற்ற லைன்களெல்லாம் 100க்கு மேல் காட்ட, ஒன்று மட்டும் 3 காட்டினாலும் அதைத்தான் தொடர வேண்டும். மழை பெய்த மறுநாள் வரச் சொன்னால் இன்னும் நல்லது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஆர்.சி.சி.பி. மீது சந்தேகம். வெளியேறும் பக்கத்தின் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு ஏற்றியும் அது விழுந்தால், அல்லது 'டி' பட்டனை அழுத்தியும் விழாவிட்டால், அதை மாற்றியாக வேண்டும். புதிதாக வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர், மெயினுக்குக் குறையாத ஆம்பியர், இன்வெர்ட்டர் ஏ.சி. உள்ள வீட்டுக்கு 'ஏ' டைப் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண 'ஏ.சி.' டைப், எலக்ட்ரானிக் சாதனங்களிலிருந்து டி.சி. கலந்து கசியும் கரண்டைச் சரியாக உணராது.